மூடி போட்ட பாட்டில்கள்

என் தங்கச்சி எதையெல்லாம் ஜெயித்தாள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதை எழுத ஆரம்பித்தால் கோபம் வந்துவிடும், அப்புறம் இது விட்டுப்போகும்.

பிறந்த நாற்பதாவது நாள் நெஞ்சில் சளி கட்டி, டாக்டர் கையை விரித்த பிறகு பிழைத்துக்கொண்டாள். இடது கையால் எழுதுகிறாள் என்று விரல் முட்டியில் ஸ்கேலால் அடித்த டீச்சரிடம் தோற்கவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றதே தவிர, இடது கை இடது கையாகவே இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாமல் டிரைவிங் லைசென்ஸ் வாங்கினாள், ஐந்தாவது தடவையில். பதினோரு வருஷம் ஒரு கீறல் விழாமல் வண்டி ஓட்டினாள். வண்டி கழுவும் இடத்துக்குக் கூரை வேண்டும் என்று மூன்று வருஷம் விடாமல் கேட்டு ஒரு தகரக் கூரையை வாங்கினாள். நாற்பத்திரண்டாவது வயதில் அதே லைசென்ஸை இரண்டாவது தடவையும் ஜெயித்தாள். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் எழுதப் போகிறேன்.

நான் அவளுக்கு ஆறு வயது மூத்தவள். எட்டாவது வரை படித்தேன். வண்டி சீட்டுகளுக்கு உறை தைத்துக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். துணியை வெட்டுவதற்கு முன்னால் இரண்டு தரம் அளப்பேன். இதையும் அப்படி அளந்துதான் எழுதுகிறேன்.

அவளுக்கு மூளை இல்லை என்று டீச்சர் சொன்னது சுத்தப் பொய். எண்கள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுத்துகள்தான் அவள் கண்ணில் திரும்பி நிற்கும், சில சமயம் தலைகீழாகவும். அதிலும் கொம்பு போட்ட எழுத்து என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது.

"சொல்லும்போது பின்னாடி வர்ற சத்தத்த எழுதும்போது முன்னாடி போடச் சொல்றாங்க. இது என்னக்கா நியாயம்?" என்று ஏழு வயதில் என்னிடம் கேட்டாள். அவள் பெயரில் நான்கு எழுத்து. இரண்டாவது எழுத்துக்குக் கொம்பு உண்டு. அந்த ஒரு கொம்பில் மாட்டித்தான் அவளால் தன் பெயரையே எழுத முடியாமல் போனது.

லைசென்ஸுக்குப் போனபோது முதல் மூன்று தடவை விண்ணப்பத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான்காவது தடவை ஒரு அதிகாரி, "படிக்கத் தெரியாதவங்களுக்கு எதுக்கும்மா ஸ்டியரிங்?" என்று கேட்டார்.

"ஸ்டியரிங்ல எழுத்து ஒண்ணும் இல்லையே சார்," என்றாள் இவள். அதற்காகவே பெயிலாக்கிவிட்டார்.

ஐந்தாவது தடவை வேறு அதிகாரி. சாலைக் குறிகளைப் படம் படமாகக் காட்டி வாயால் பதில் சொல்லச் சொன்னார். எண்பதுக்கு எண்பதும் சொன்னாள். லைசென்ஸில் கையெழுத்துக்கான கட்டத்தில் அவளுடைய கட்டைவிரல் ரேகை இருக்கும். அந்த அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையை நான் தைத்துக் கொடுத்த துணிப்பையில் போட்டு, பையை இடுப்பில் சொருகிக்கொண்டுதான் வெளியே கிளம்புவாள்.

அவள் வேலை செய்தது வாடகை வேன் கம்பெனி ஒன்றில். பதினான்கு வேன்கள். சுற்றுலா போகிறவர்கள், ஆபீஸ்காரர்கள், கல்யாண வீட்டுக்காரர்கள் எடுத்துப் போவார்கள். திரும்பி வரும் வண்டியை உள்ளும் புறமும் கழுவித் துடைப்பது அவள் வேலை. வண்டியை இடம் மாற்றி நிறுத்துவது, உறைகளைச் சலவைக்கு எடுத்துப் போவது, குப்பையைக் கொண்டுபோவது எல்லாம் அவள்தான். அதற்கென்று கம்பெனியின் பழைய சின்ன வேன் ஒன்று அவள் கையில் இருந்தது.

அந்த வண்டிகள் திரும்பி வரும் லட்சணத்தை நான் பார்த்திருக்கிறேன். உறைக்கு அளவெடுக்கப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். காலையில் இஸ்திரி போட்ட சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவுமாக ஏறிப் போவார்கள். மறுநாள் அந்தக் கதவைத் திறந்தால் புளித்த வாடை முகத்தில் அறையும். சீட்டு இடுக்கில் மென்று துப்பின எலும்பு. ஜன்னல் சட்டத்தில் வழிந்து காய்ந்த வாந்தி. அது துணிக்கு வராது, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். சிகரெட்டை அணைத்து அணைத்து நான் தைத்த உறையில் வட்ட வட்டமாகப் பொத்தல். தரையில் உருளும் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் அடியில் ஒரு விரல் மீதம்.

இதையும் எழுதிவிடுகிறேன், கை கூசினாலும். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கச் சோம்பல்பட்டவர்கள் காலிப் பாட்டிலுக்குள்ளேயே ஒன்றுக்குப் போய், மூடியைத் திருகி, சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது வேறு இது வேறு என்று தெரியாது. என் தங்கச்சி முதல் தடவை மோந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. இதே ஆட்கள்தான் அடுத்த தடவை வண்டி ஏற வரும்போது, வாளியோடு நிற்கும் இவளைத் தாண்டும்போது கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார்கள்.

ஒரு தடவை ஒருத்தன் திரும்பி வந்தான். பாதிப் பாட்டிலை வண்டியில் விட்டுவிட்டானாம். அவள் அதை ஏற்கெனவே கொட்டிக் கழுவியிருந்தாள்.

"கொட்டினியா, குடிச்சியா?" என்று கேட்டான் அவன்.

"எச்சில் குடிக்கிற பழக்கம் எனக்கில்ல சார்," என்றாள்.

அதற்குப் பிறகு எதையும் உடனே கொட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். எடுத்த பாட்டில் ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு துண்டு டேப் ஒட்டி, அதில் வண்டி நம்பரைப் பேனாவால் எழுதுவாள். ஆறும் ஒன்பதும் அவளுக்கு ஒன்றுபோலத் தெரியும் என்பதால் இரண்டுக்கும் அடியில் ஒரு கோடு. மூடி தொலைந்த பாட்டிலுக்கு ஒரு தகரடப்பாவில் சேர்த்து வைத்திருந்த மூடிகளில் பொருந்துவதைத் தேடி எடுத்துப் போடுவாள். மூடவில்லையென்றால் ஒழுகும், ஈ மொய்க்கும், நாறும். வாரம் முழுக்க அப்படியே வைத்திருந்து, யாரும் கேட்டு வரவில்லையென்றால் சனிக்கிழமை மத்தியானம் கண்ணாடி உருக்கும் கிடங்கில் கொண்டுபோய்ப் போடுவாள். மேனேஜர் அவளை ஊருக்கு வெளியே பள்ளத்தில் கொட்டச் சொல்லியிருந்தார். அந்தப் பள்ளத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் செருப்பில்லாமல் நடப்பதைப் பார்த்திருந்ததால் இவள் கொட்டவில்லை.

மேனேஜருக்கு அங்கே எல்லோரும் வைத்த பெயர் சென்ட். கழுவி முடித்த வண்டிக்குள் ஏறி ரோஜா வாசனைத் தண்ணீரைப் பீய்ச்சியடிப்பார். வாந்தி வாடையும் ரோஜாவும் கலந்தால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். வாந்தி மட்டும் இருந்தால் பரவாயில்லை என்று தோன்றும்.

இதற்கிடையில் நகராட்சி ஒரு சட்டம் போட்டது. ஓடும் வேனிலிருந்து எவனோ வீசின பாட்டில் சைக்கிளில் போன ஒரு டீச்சரின் தோளில் பட்டு எலும்பு உடைந்ததற்குப் பிறகு போட்ட சட்டம். வண்டியில் ஆள் உட்காரும் பகுதியில், கை எட்டும் இடத்தில், திறந்த மதுப் பாட்டில் இருக்கக் கூடாது. இருந்தால் ஓட்டுகிறவரின் லைசென்ஸ் போகும். நல்ல சட்டம்தான். இனிமேல் வண்டி சுத்தமாக வரும் என்று என் தங்கச்சி கடைக்கு வந்து சொல்லிச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

ஒரு பாட்டில்கூடக் குறையவில்லை. புதிதாக வந்தது தாள்தான். சென்ட் மேனேஜர் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி ஒரு கட்டுத் தாளும் மை டப்பாவும் கொண்டுவந்து அவள் முன்னால் வைப்பார். ஒரு நாளைக்கு ஒரு தாள். தேதியும் விஷயமும் அச்சடித்தே இருக்கும். அத்தனை தாளிலும் அன்றைக்கே கட்டைவிரலை வைக்க வேண்டும்.

"என்ன சார் எழுதியிருக்கு?" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"வண்டி கழுவினேன்னு எழுதியிருக்கும்மா. வேறென்ன எழுதப் போறோம்?"

"இன்னும் கழுவவே இல்லையே சார். மாசம் இப்பத்தான பொறந்திருக்கு?"

"கழுவாம எங்க போகப் போறே?"

வைத்தாள். விரலை மண்ணெண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். என்னிடமும் இதைச் சொன்னாள். ஒரு தாளைக் கொண்டுவா, என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் இரண்டு தரம் அளக்கிற நான் இதை ஒரு தரம்கூட அளக்கவில்லை.

செப்டம்பர் பத்தாம் தேதி, சனிக்கிழமை. மத்தியானம் இரண்டு மணி. வழக்கம்போலச் சின்ன வேனில் கிளம்பினாள். பின்பக்கம் பூட்டுகிற பெட்டியில் சலவையிலிருந்து எடுத்த உறைகளை வைத்திருந்தாள். பாட்டில்களையும் அதிலேயே வைத்தால் வெளுத்த துணியில் நாற்றம் ஏறும் என்று, அவற்றைப் போட்ட மூன்று கூடைகளையும் தன் சீட்டுக்குப் பின்னால், தன் முதுகுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எவன் எவனோ குடித்த எச்சில் நாற்றத்தை அவள் முகர்ந்துகொண்டு போனாள், உறைகள் சுத்தமாக இருக்கட்டும் என்று. அதுதான் வினையாகப் போனது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு போலீஸ்காரர்கள் நிறுத்தினார்கள். ஒருவர் தொப்பையுள்ள பெரியவர், இன்னொருவர் இளவட்டம்.

"பின்னாடி என்ன?" என்றார் பெரியவர்.

"பாட்டில் சார்."

"தொறந்ததா?"

"இல்ல சார். எல்லாம் மூடி போட்டதுதான். ஒண்ணொண்ணா நானே போட்டேன்."

அவர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "சீல் ஒடஞ்சிருக்கேம்மா. சீல் ஒடஞ்சா தொறந்ததுதான்."

"மூடினது எப்படி சார் தொறந்ததாகும்?"

"சட்டத்துல அப்படித்தான் இருக்கு."

"அப்ப மூடாமக் கொண்டுவந்திருந்தா?"

"அதுவும் தொறந்ததுதான்."

"அப்ப மூடினதுன்னா எது சார்?"

"தொறக்காதது."

இளவட்டம் சிரித்துவிட்டார். "உனக்குப் புரிஞ்சிருச்சும்மா. எங்களுக்கே ரெண்டு நாள் ஆச்சு," என்றார்.

அவளை ஒரு கருவியில் ஊதச் சொன்னார்கள். ஊதினாள். பூஜ்யம் காட்டியது. கருவி கெட்டுப்போயிருக்கும் என்று இன்னொன்றில் ஊதச் சொன்னார்கள். அதுவும் பூஜ்யம். பெரியவர் அதைக் குறித்துக்கொண்டாரோ இல்லையோ, பாட்டில்களைக் குறித்துக்கொண்டார். மொத்தம் அறுபத்தொன்று. இடுப்பிலிருந்த துணிப்பையைக் கழற்றச் சொல்லி லைசென்ஸை எடுத்துக்கொண்டார். பையை மட்டும் திருப்பிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் அந்தக் காலிப் பையை என் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு, "அக்கா, பத்திரமா வெச்சுக்க. திரும்பவும் வேணும்," என்றாள்.

நான் மறுநாள் நகராட்சி அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று அந்தச் சட்டத்தை இரண்டு தரம் படித்தேன். மூடியிருந்தாலும், பாதியிருந்தாலும், அடியில் ஒரு சொட்டு இருந்தாலும், முத்திரை உடைந்தால் திறந்த பாட்டில். போலீஸ்காரர் சொன்னது சரிதான். பூட்டிய பெட்டியில் இருந்தால் குற்றமில்லை என்றும் அதிலேயே எழுதியிருந்தது. உறைகளையும் கூடைகளையும் இடம் மாற்றி வைத்திருந்தால் போதும், எதுவும் நடந்திருக்காது. அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாப்பிடும்போது அவளே கேட்டாள், சொன்னேன்.

"அப்ப நான் துணிய நாறவிட்டிருக்கணும்," என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

கம்பெனி அவளை வேலைக்கு வர வேண்டாம் என்றது. வண்டி விவகாரம் முடியட்டும் என்றார் மேனேஜர். லைசென்ஸ் கிடைத்தால்தான் வேறு எங்காவது ஸ்டியரிங் பிடிக்க முடியும். போய்விட்டால், குடித்து வண்டி ஓட்டினவள் என்ற பெயரோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அக்டோபர் பதினான்காம் தேதி விசாரணை என்று கடிதம் வந்தது.

தெரு சும்மா இருக்குமா? எதிர் வீட்டு அம்மாள் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு, "ஏன்டி, உன் தங்கச்சி நடமாடும் கடை வெச்சிருந்தாளாமே? எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்ல?" என்றாள்.

"உங்க வீட்டுக்காரர் போன மாசம் ஆபீஸோட டூர் போனாரே, எந்த நம்பர் வண்டின்னு ஞாபகம் இருக்கா?" என்று பின்னாலிருந்து என் தங்கச்சி கேட்டாள். "நாலாம் நம்பர். எனக்கு ஞாபகம் இருக்கு."

அந்த அம்மாள் குடம் பாதி நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆனாலும் பாட்டில்காரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. குடித்தவனுக்கு ஒரு பெயரும் வைக்காத தெரு அது. கழுவினவளுக்கு வைத்தது.

வேலையில்லாத அந்த நாட்களில் என் கடைக்கு வந்து உட்கார்வாள். சும்மா உட்காரத் தெரியாதவள். தரையைப் பெருக்கினாள், கத்தரிகளுக்குச் சாணை பிடித்தாள், பிறகு கண்ணாடிக் கதவுக்கு வந்தாள். ஒரு நாள் நூல் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது கதவு முழுக்க சோப்பு நுரை. உள்ளே அவள் நிற்பது மங்கலாகத் தெரிந்தது. அந்த நுரையில் விரலால் எழுதியிருந்தது. நான் வெளியே நின்று படித்தேன். அவள் பெயர். நான்கு எழுத்தும். கொம்பு இருக்க வேண்டிய பக்கத்தில்.

உள்ளே போய்ப் பார்த்தேன். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் திரும்பியிருந்தது, கண்ணாடியில் பார்த்ததுபோல.

"என்னடி இது?"

"என் கை போறபடி எழுதுனேன்க்கா. தப்பாத்தான் இருக்கும்."

கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போய் நிறுத்திக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். லைசென்ஸில் அச்சடித்திருந்த பெயர் அவளுக்கு மனப்பாடம், பதினோரு வருஷமாகத் தினமும் பார்த்த படம். "அதே படம்," என்றாள். பிறகு வெளியிலிருந்தபடியே, நுரையில் தெரிந்த கோடுகளின் மேல் விரலை வைத்து மெதுவாகப் போனாள். முதலில் உள்ளேயிருந்து தன் கை போனபடி எழுதுவது, பிறகு வெளியே வந்து அதன் மேலேயே விரலை ஓட்டுவது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே கண்டுபிடித்துக்கொண்ட வழி. அந்த மாதம் என் கடைக் கதவைப்போலச் சுத்தமான கதவு அந்தத் தெருவிலேயே கிடையாது.

விசாரணை ஒரு நீளமான அறையில் நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், விசாரணை அதிகாரி. பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு குமாஸ்தா. இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர், தொப்பைப் போலீஸ்காரர், சென்ட் மேனேஜர். மூன்று கூடைகளும் சாட்சியாக வந்திருந்தன. ஐந்து வாரம் எந்த அறையிலோ வெயிலில் வெந்திருக்கின்றன. கொண்டுவந்து வைத்ததும் குமாஸ்தா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். மேனேஜர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். அவர் வண்டியிலிருந்து வந்த நாற்றம்தான்.

போலீஸ்காரர் தன் அறிக்கையைப் படித்தார். அறுபத்தொரு பாட்டில்களையும் தனித்தனியாக முகர்ந்து பார்த்து, அனைத்திலும் மது மீதமிருப்பதை உறுதி செய்ததாக எழுதியிருந்தார்.

"எல்லாத்தையுமா மோந்து பாத்தீங்க சார்?" என்றாள் என் தங்கச்சி.

"ஆமா. கடமை இல்லையா?"

"ஒன்பதாம் நம்பர் பாட்டிலையுமா?"

அதிகாரி நிமிர்ந்தார். "அது என்னம்மா நம்பர்?"

"வண்டி நம்பர் மேடம். கழுத்துல டேப் ஒட்டியிருப்பேன். யாராவது என் பாட்டில் எங்கன்னு கேட்டு வந்தா எடுத்துக் குடுக்கணுமே."

குமாஸ்தா கூடைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். "இதுல ஆறுன்னு போட்டிருக்கு மேடம்," என்றபடி மூடியைத் திருகப் போனார்.

"சார், கோடு எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. கோடு கீழ வரணும். நீங்க தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க. அது ஒன்பது. தொறந்துடாதீங்க."

"ஏன்?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்து, மரியாதையாகவே சொன்னாள். "அது குடிக்கிறதுக்கு முன்னாடி உள்ளது இல்லைங்க மேடம். குடிச்சதுக்குப் பின்னாடி உள்ளது."

குமாஸ்தாவுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பாட்டிலை மேஜையில் வைக்கவும் முடியாமல் கையில் வைத்திருக்கவும் முடியாமல் நின்றார். கடைசியில் ஜன்னல் ஓரமாகத் தரையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். அதிகாரி போலீஸ்காரரைக் கேட்டார், "நீங்க இதையும் மோந்து பார்த்து மதுன்னு உறுதி செஞ்சீங்க?"

"எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது மேடம்," என்றார் அவர். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அடுத்தது மேனேஜர். அவர் மெதுவாகப் பேசினார். இந்தச் சட்டத்தைத் தங்கள் கம்பெனிபோல மதிப்பவர்கள் இல்லை என்றார். வாடிக்கையாளர்கள் எல்லோரும் கௌரவமானவர்கள் என்றார். பாட்டில் கழுத்தில் நம்பரை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்றார். பிறகு தோல்பையிலிருந்து அந்தத் தாள்கட்டை எடுத்து அதிகாரி முன்னால் வைத்தார்.

"செப்டம்பர் மாசத்துத் தாள் முழுசும் இருக்கு மேடம். திறந்த மதுப் பாட்டில் எதுவும் வண்டியில் காணப்படவில்லைன்னு இந்தம்மாவே தினம் தினம் கை வெச்சுக் குடுத்தது. எங்க வண்டியில இல்லாத பாட்டில் எங்கிருந்து வந்ததுன்னு இவங்களைத்தான் கேக்கணும்."

அப்போதுதான் அந்தத் தாளில் எழுதியிருந்தது என்ன என்று எங்களுக்குத் தெரிந்தது. என் தங்கச்சிக்கு முகம் செத்துப்போனது. வருஷக்கணக்காக அந்த வாந்தியைச் சுரண்டி எடுத்தவளிடமே, அப்படி ஒன்றுமே இல்லை என்று ரேகை வாங்கியிருக்கிறார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"இது உங்க ரேகைதானா?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க மேடம். என் கைதான்."

"அப்போ வேற என்ன சொல்றீங்க?"

மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் தலைகீழ். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இவள் கண் மட்டும் அந்தத் தாள்களோடு நகர்ந்துகொண்டிருந்தது. தலைகீழாகப் படிக்கிறாள் என்றும்தானே பள்ளிக்கூடத்தில் அடித்தார்கள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? இப்ப நீங்க பாக்கற தாள்ல பதினேழுன்னு போட்டிருக்குதானே?"

"ஆமா. பதினேழு."

"அடுத்தது பத்தொன்பது. பதினெட்டு ஞாயித்துக்கிழமை, லீவு. கடைசித் தாள் முப்பதா இருக்கும்."

அதிகாரி கடைசித் தாளை எடுத்தார். "முப்பதுதான்."

"என்னைப் பிடிச்சது பத்தாம் தேதி. அன்னிலேர்ந்து வேலைக்கு வராதேன்னு சொன்னவரு இந்த சார்தான். வேலைக்கே போகாதவ பதினேழாம் தேதி எப்படி மேடம் கை வெச்சேன்? இருபதாம் தேதி எப்படி வெச்சேன்?" நிறுத்தி மூச்சு வாங்கினாள். "ஒண்ணாந் தேதியே எல்லாத்துலயும் வாங்கிருவாங்க. வண்டி வெளிய போறதுக்கு முன்னாடியே சுத்தமாத் திரும்பி வந்ததா எழுதிருவாங்க."

அதிகாரி தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினார். மேனேஜரைப் பார்த்து, "சொல்லுங்க," என்றார்.

மேனேஜர் அது அலுவலக நடைமுறை என்றார். எந்த அலுவலகத்து நடைமுறை என்று அதிகாரி கேட்டார். அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கட்டைப் பிரித்துப் பத்தாம் தேதி வரையுள்ள தாளை மட்டும் கொண்டுவந்திருந்தால் என் தங்கச்சி அன்றைக்கு ஒன்றுமில்லாமல் போயிருப்பாள். அந்தக் கட்டைத் தானே ஒரு தரம் புரட்டிப் பார்க்கக்கூட அவருக்குச் சோம்பல். வண்டியையும் அப்படித்தான் அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அதிகாரி தீர்ப்பை நிதானமாகச் சொன்னார், குமாஸ்தா எழுதினார். முத்திரை உடைந்த பாட்டில்களைக் கை எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு ஓட்டியது தவறு, அதற்கு ஒரு எச்சரிக்கை. குடித்ததற்கோ குடிப்பதற்காக வைத்திருந்ததற்கோ ஆதாரம் இல்லை. அவை கம்பெனி வண்டிகளிலிருந்து அகற்றப்பட்ட குப்பை. லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கம்பெனியிடம் தனியாக விளக்கம் கேட்கப்படும்.

விளக்கம் கேட்டார்களா, கொடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. அந்த வேன்கள் இன்றும் ஓடுகின்றன. ரோஜா வாடையோடு ஒன்று என் கடையைத் தாண்டிப் போனால் நான் தையலை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துவேன். அறுபத்தொரு பாட்டிலைக் குடித்தவர்களில் ஒருவரைக்கூட அந்த அறைக்கு யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் பெயர் எந்தத் தாளிலும் ஏறவில்லை. ஒன்பதாம் நம்பர் வண்டியில் போன அந்தக் கனவானும் எங்கோ கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பான்.

குமாஸ்தா அவளுடைய வாக்குமூலத்தை எழுதி முடித்து, தாளை எங்கள் பக்கம் திருப்பி, வழக்கம்போல மை டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்தார். மேனேஜர் கொண்டுவரும் அதே நீல டப்பா.

"இங்க வைம்மா," என்றார் விரலால் காட்டி.

அவள் டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்கார்ந்ததா என்று அழுத்திப் பார்த்துவிட்டு அவர் பக்கம் தள்ளினாள்.

"மொதல்ல எங்கக்கா படிக்கட்டும் சார்."

நான் படித்தேன். சத்தமாக, ஒரு வரி விடாமல். முடித்ததும், "இன்னொரு தரம்க்கா," என்றாள். இன்னொரு தரம் படித்தேன். குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் சொன்னதுதான் இருக்கு. பேனா குடுங்க சார்."

இடது கையில் வாங்கினாள். குனிந்தாள். இரண்டாவது எழுத்துக்கு வரும்போது, "மொதல்ல கொம்பு," என்று முனகியது எனக்கு மட்டும் கேட்டது. நான்கு எழுத்துக்கு நான்கு நிமிஷம் ஆகியிருக்கும். குமாஸ்தா எட்டிப் பார்த்துவிட்டு, "கீழ தேதியும் போட்டுடுங்கம்மா," என்றார்.

அதற்கு அவள் யோசிக்கவே இல்லை. எண்கள் எப்போதும் அவள் பக்கம்தான்.

14.10.2011.